16 என்ற கையெழுத்து

"இ-ஆதார் பிடிஎஃப்பில் டிஜிட்டல் கையெழுத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் கேள்விக்குறி வருகிறதே, போலியா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கேள்விக்குறி வந்ததாலேயே போலி ஆகிவிடாது. கையெழுத்திட்டவரின் சான்றிதழை உங்கள் மென்பொருளுக்கு இன்னும் அடையாளம் தெரியவில்லை, அவ்வளவுதான். அது ஆதார் ஆணையத்துடையதுதானா என்று பார்த்து, நம்பலாம் என்று அமைத்துவிட்டால் பச்சை டிக் வந்துவிடும்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? முதலில் கோப்பு முழுவதையும் பிழிந்து ஒரு எண்ணாக்குகிறார்கள். இது ஹேஷ். ஒரு கமா மாறினாலும் ஹேஷ் மாறிவிடும்.

அடுத்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். ஒரு தாள் எடுத்துக்கொள்ளுங்கள். 3, 11 என்ற இரண்டு பகா எண்களைப் பெருக்கினால் 33. ஊருக்கெல்லாம் 33, 3 என்ற இரண்டு எண்களைச் சொல்லிவிடுகிறேன். (இந்த 3, சரிபார்க்கும்போது எத்தனை தடவை பெருக்குவது என்பதற்கு; பகா எண் 3ஓடு ஒத்துப்போனது தற்செயல்.) 7 என் ரகசியம். ஹேஷ் 4 என்று வைப்போம். ஏழு நான்குகளைப் பெருக்கினால் 16,384. அதை 33ஆல் வகுத்தால் மீதி 16. இதுதான் என் கையெழுத்து.

நீங்கள் சரிபார்க்க ரகசியம் தேவையில்லை. 16×16×16 = 4,096. 33ஆல் வகுத்தால் மீதி 4. ஹேஷ் திரும்பி வந்துவிட்டது! யாராவது கோப்பைத் திருத்தி ஹேஷ் 5 ஆகியிருந்தால் அங்கேயே மாட்டிக்கொள்வார்.

ஏன் 7? (3−1)×(11−1) = 20. 3×7 = 21; 20ஆல் வகுத்தால் மீதி 1. அந்த 1தான் எண்ணை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவருகிறது. என் 7ஐக் கண்டுபிடிக்க 20 தெரிய வேண்டும்; 20ஐக் கண்டுபிடிக்க 33ஐ 3, 11 என்று உடைக்க வேண்டும். 33ஐக் குழந்தையும் உடைக்கும். ஆனால் நடைமுறையில் அந்த இடத்தில் இருப்பது 617 இலக்க எண். இந்த வகையில் 2020ல் உடைத்த 250 இலக்க எண்ணுக்கே கணினிகள் கூட்டமாக உழைக்க வேண்டியிருந்தது.

ரிவெஸ்ட், ஷமிர், ஏடல்மன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1977ல் இந்த முறையை உருவாக்கினார்கள். அடித்தளமாக இருக்கும் தேற்றம் 18ஆம் நூற்றாண்டில் கணித மேதை ஆய்லர் நிறுவியது. அன்று அதற்கு நடைமுறைப் பயன் எதுவும் கிடையாது. தூய கணித ஆய்வுக்கு நிதி கேட்டால் "இதனால் என்ன லாபம்?" என்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

அப்புறம், பிரிண்ட் எடுத்தால் பச்சை டிக்கின் படம்தான் தாளில் ஏறும். கையெழுத்து எண் கோப்பிலேயே தங்கிவிடும். தாளில் சரிபார்க்க வேண்டுமானால் கியூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள். அதற்குள் ஆணையத்தின் கையெழுத்து தனியாகவே இருக்கிறது.