லாகொம்: கொம்புக் கதையைப் பகிரும் முன்

ஸ்வீடிஷிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கும்போது அடிக்கடி எதிர்ப்படும் சொல் ‘லாகொம்’. காபி லாகொம் சூடு, சட்டை லாகொம் பெரிது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நம் ‘அளவாக’ பெரும்பாலும் பொருந்திவிடும். சிக்கல் அதன் பிறப்புக் கதையில்தான்.

வைக்கிங் காலத்தில் தேன்மது நிரப்பிய கொம்பு கைமாறிக்கொண்டே போகுமாம். கடைசி ஆளுக்கும் மிஞ்சும்படி எல்லோரும் அளவாகக் குடிக்க வேண்டுமாம். ‘லாகெட் ஒம்’, அதாவது ‘குழுவைச் சுற்றி’ என்பதே சுருங்கி லாகொம் ஆனதாம். புதிதாகக் குடியேறியவர்களுக்கான ஒரு கையேட்டில் நானும் இதை உண்மையென்றே எழுதி அனுப்பினேன். பிழை திருத்தியவர் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பினார். அப்புறம்தான் அகராதியைத் திறந்தேன்.

‘லாக்’ என்றால் குழு. சட்டம், முறை என்றும் பொருள் உண்டு. பழைய ஸ்வீடிஷில் நம் மொழியைப் போலவே பெயர்ச்சொற்கள் வேற்றுமை ஏற்கும். பன்மையில் நான்காம் வேற்றுமைக்கு ‘உம்’ என்ற உருபு. அது ‘லாக்’கோடு சேர்ந்து ‘முறைப்படி’ என்ற பொருளைத் தந்தது. இன்று அந்த உருபு வழக்கில் இல்லை. சில சொற்களில் மட்டும் ‘ஒம்’ என்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘ஸ்டுண்ட்’ என்றால் பொழுது, ‘ஸ்டுண்டொம்’ என்றால் சில பொழுது. லாகொமும் அதே அச்சில் வார்த்ததுதான். கொம்புக் கதை சரியென்றால், ‘லாகெட் ஒம்’ என்பதன் நடுவிலுள்ள ‘எட்’ எங்கே போனது என்று தனியே காரணம் சொல்லியாக வேண்டும்.

கதை பரவியதில் வியப்பில்லை. ஒரு பொருள் எல்லோர் கைக்கும் போய்வருவதை இன்றும் ‘லாகெட் ருன்ட்’ என்கிறார்கள். குழுவைக் குறிக்கும் லாக், சட்டத்தைக் குறிக்கும் லாக் இரண்டுக்குமே ‘வை, கிடத்து’ என்ற பொருளுள்ள ஒரே வேர். அதனால் கேட்டதும் நம்பத் தோன்றுகிறது.

எனக்கு வருத்தம் தருவது அடுத்த படி. ஸ்வீடன் மக்கள் அந்தக் காலத்திலிருந்தே சமமாகப் பகிர்ந்தவர்கள் என்பதற்கு இந்தக் கதையையே சான்றாகக் காட்டுகிறார்கள். ஒரு மக்களின் குணத்தை இப்படி நிறுவ முடியாது. மொழி கற்பிப்பவர்களும் மொழிபெயர்ப்பவர்களும் தயவுசெய்து ஒருமுறை சரிபாருங்கள். 1898இல் முதல் தொகுதி வந்து 2023இல் நிறைவடைந்த ஸ்வீடிஷ் அகாடமியின் பேரகராதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

அந்தக் கையேட்டில் கதையை நான் நீக்கவில்லை. ‘மக்கள் சொல்லும் விளக்கம்’ என்று தலைப்பிட்டு, அதன் கீழே ‘முறைப்படி’ என்ற பழம்பொருளையும் சேர்த்து அனுப்பினேன்.