காட்டுயானமும் கூகுளும்: தேடுசொல் எப்படி வேலை செய்கிறது?

திருத்துறைப்பூண்டி, மன்னார்குடிப் பக்கம் காட்டுயானம், மாப்பிள்ளைச் சம்பா போன்ற பாரம்பரிய நெல் வகைகளை விளைவித்து, அதை அரிசியாக்கித் தாங்களே இணையத்தில் விற்க முனையும் விவசாயிகள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட இணையதளங்களின் முகப்பில் பெரும்பாலும் 'இயற்கையின் கொடை', 'ஆரோக்கிய வாழ்வின் ஆரம்பம்' என்ற வகை வாசகங்களே நிற்கின்றன. அரிசி வாங்க நினைப்பவர் எவரும் கூகுளில் இந்தச் சொற்களைத் தட்டுவதில்லை. நல்ல அரிசி கண்ணில் படாமல் போவதற்கு இதுவே முதல் காரணம் என்பேன்.

நாம் ஒரு சொல்லைத் தட்டிய பிறகு தேடுபொறி இணையம் முழுவதையும் புரட்டத் தொடங்குவதில்லை. முன்னதாகவே கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, எந்தச் சொல் எந்தெந்தப் பக்கத்தில் வருகிறது என்று, புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவைப் போல ஒரு பட்டியலைத் தயாராக வைத்திருக்கிறது. பக்கத்தில் இல்லாத சொல்லுக்கு அந்தப் பட்டியலில் இடம் கிடைப்பது கடினம்.

பட்டியலில் இருக்கும் எல்லாச் சொற்களுக்கும் ஒரே எடை கிடையாது. 1972-இல் பிரிட்டனைச் சேர்ந்த கணினி அறிவியலாளர் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் ஓர் எளிய கருத்தை முன்வைத்தார்: குறைவான ஆவணங்களில் வரும் சொல்லே ஓர் ஆவணத்தை அதிகம் அடையாளம் காட்டுகிறது. கணக்கிட்டுப் பார்க்கலாம். மொத்தம் 10 லட்சம் பக்கங்கள் இருப்பதாகவும், 'அரிசி' 1 லட்சம் பக்கங்களிலும் 'காட்டுயானம்' 100 பக்கங்களிலும் வருவதாகவும் வைத்துக்கொள்வோம். மொத்தத்தை இந்த எண்ணிக்கைகளால் வகுத்தால் 10, 10,000 என்று கிடைக்கும். இவற்றின் மடக்கை (இங்கே 1-க்குப் பின் வரும் சுழியங்களின் எண்ணிக்கை) 1, 4. ஆக, 'காட்டுயானம்' என்ற சொல்லுக்கு நான்கு மடங்கு எடை. இன்றைய தேடுபொறிகள் இதைவிடப் பல அடுக்குகள் கொண்டவை என்றாலும், அரிய சொல்லுக்கு அதிக எடை என்ற இந்த அடிப்படை பழையதாகிவிடவில்லை.

எனவே 'அரிசி' என்ற ஒற்றைச் சொல்லுக்காகச் சிறு விவசாயி போட்டியிடுவது வீண். அங்கே பெரிய கடைகள் உட்கார்ந்திருக்கின்றன. 1998-இல் கூகுளின் நிறுவனர்கள் லாரி பேஜும் செர்கே பிரின்னும் வெளியிட்ட பேஜ்ரேங்க் முறைப்படி, மற்றத் தளங்கள் எவ்வளவு இணைப்புக் கொடுக்கின்றன, அந்தத் தளங்களுக்கே என்ன மதிப்பு என்பவையும் தரவரிசையைத் தீர்மானிக்கின்றன. அந்த மதிப்பு ஒரே நாளில் சேர்வதல்ல. 'காட்டுயானம் அரிசி', 'காட்டுயானம் அரிசி கஞ்சி' என்று சொற்றொடர் நீள நீளப் போட்டி குறைகிறது. தேடுபவர்களும் குறைவார்கள்தான். ஆனால் வருபவர் வேண்டியதைத் தெளிவாகத் தெரிந்துகொண்டு வருகிறார். நாள்தோறும் வரும் தேடல்களில் சுமார் 15 சதவீதம் அதற்கு முன் ஒருமுறைகூடக் கேட்கப்படாதவை என்று கூகுளே சொல்லியிருக்கிறது.

சொற்றொடரின் கடைசிச் சொல்லைக் கவனிக்க வேண்டும். நோக்கம் அங்கேதான் தெரியும். 'மாப்பிள்ளைச் சம்பா விலை' என்று தட்டுபவர் பணத்தோடு வருகிறார். 'மாப்பிள்ளைச் சம்பா எவ்வளவு நேரம் ஊற வேண்டும்' என்பவர் அடுப்படியில் நிற்கிறார். 'மாப்பிள்ளைச் சம்பா எத்தனை நாள் பயிர்' என்பவர் வயல்காரர். மூவருக்கும் ஒரே பக்கத்தைக் காட்டினால் ஒருவருக்கும் நிறைவு இருக்காது. தனித்தனிப் பக்கம் எழுதி, அந்தக் கேள்வியையே தலைப்பாக வைத்து, முதல் பத்தியிலேயே பதில் சொல்லிவிடுவது நல்லது.

தமிழில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. பலர் ஒற்றெழுத்து இல்லாமல் 'மாப்பிள்ளை சம்பா' என்று தட்டுவார்கள். இன்னும் பலர் தமிழையே ஆங்கில எழுத்தில் தட்டுவார்கள். தேடுபொறிகள் இந்த வேறுபாடுகளை ஓரளவு இணைத்துப் பார்க்கின்றன. 2019-இல் கூகுள் தன் தேடலில் சேர்த்த பெர்ட் என்னும் மொழி மாதிரி, சொற்கள் வாக்கியத்தில் எப்படிச் சேர்ந்து பொருள் தருகின்றன என்பதையும் கணக்கில் கொள்கிறது. என்றாலும் பக்கத்தின் முகவரியிலோ விளக்கத்திலோ ஆங்கில எழுத்து வடிவமும் ஓரிடத்தில் இருப்பது உதவும்.

ஒரே சொல்லை ஐம்பது முறை அடுக்கும் பழக்கத்தை மட்டும் அடியோடு விட்டுவிட வேண்டும். கூகுள் அதை விதிமீறலாகவே கருதுகிறது. பக்கத்தின் நிரலுக்குள் மறைவாக எழுதும் தேடுசொல் பட்டியலைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று 2009-இலேயே அறிவித்தும்விட்டது. அதற்குக் காசு கேட்பவர்களிடம் ஏமாற வேண்டாம்.

எந்தச் சொற்களைத் தட்டி மக்கள் வருகிறார்கள் என்பதை ஊகிக்கவும் தேவையில்லை. கூகுளின் சர்ச் கன்சோல் என்னும் இலவசக் கருவி, எந்தத் தேடலில் உங்கள் பக்கம் எத்தனை முறை தென்பட்டது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்ற கணக்கை 16 மாதங்களுக்குக் காட்டும். பலமுறை தென்பட்டும் யாரும் திறக்காத சொற்றொடர் எதுவோ, அதற்குரிய தலைப்பை முதலில் திருத்துங்கள். விதைநெல் விற்பவர் காலத்தையும் பார்க்க வேண்டும். புதிய பக்கம் தேடுபொறியின் பட்டியலில் ஏறச் சில நாட்களோ வாரங்களோ ஆகலாம். சம்பா நாற்றங்கால் தயாராகும் ஆவணியில் எழுதத் தொடங்கினால் பிந்திவிடும். ஆனி மாதத்திலேயே பக்கம் தயாராக இருக்க வேண்டும்.