சி.எஸ்.ஆர். பயிற்சியும் பழுதான தண்ணீர் மெஷினும்

கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். (நிறுவனச் சமூகப் பொறுப்பு) வேலையைப் பார்க்கும் பொறுப்பாளர்களுக்கு நான் நடத்தும் வகுப்பில், முதல் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு வேலை வைப்பேன். கண் சொக்கும் நேரம். "மூன்று வருடத்துக்கு முன்னால் உங்கள் கம்பெனி செய்துகொடுத்த ஏதாவது ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பள்ளிக்கோ சுகாதார நிலையத்துக்கோ இப்போதே போன் போட்டு, அது ஓடுகிறதா என்று கேளுங்கள்." அத்தோடு தூக்கம் போய்விடும். பாதிப் பேரிடம் அந்த ஊரில் யாருடைய நம்பரும் இருக்காது. இருப்பது தொண்டு நிறுவன ஒருங்கிணைப்பாளரின் நம்பர். அவரும் வேலை மாறியிருப்பார்.

ஒருமுறை ஒரு தம்பிக்கு லைன் கிடைத்தது. ஸ்பீக்கரில் போட்டார். "குடிநீர் மெஷினா? இங்க மூணு கம்பெனி மெஷின் நிக்குது சார். உங்களுது எது?" என்றார் எதிர்முனையில் இருந்தவர். வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் அப்படி ஒரு மெஷினை வைத்தவள் நான்.

அப்போது இந்தத் துறைக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. ஒரு அரசுப் பள்ளியில் ஆர்.ஓ. மெஷின் (தண்ணீரில் கரைந்த உப்பை மெம்பிரேன் என்ற சவ்வு வழியாகப் பிரிக்கும் குடிநீர் மெஷின்) வைத்தோம். ரிப்பன் வெட்டினோம், பிள்ளைகள் டம்ளரோடு வரிசையில் நிற்கும் படம் ஆண்டறிக்கையில் வந்தது. ஒன்றரை வருடம் கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். மெஷின் மேல் பழைய விடைத்தாள் கட்டுகள் அடுக்கியிருந்தன. தலைமை ஆசிரியர் என்னைத்தான் சமாதானப்படுத்தினார்: "மெம்பிரேன் போயிடுச்சு மேடம். மாத்தணும்னா ஆயிரக்கணக்குல கேக்குறாங்க. மானியத்துல சாக்பீஸ், துடைப்பம், ரிப்பேர் எல்லாம் பாக்கணும்ல?" உண்மைதான். 101 முதல் 250 பிள்ளைகள் வரை படிக்கும் அரசுப் பள்ளிக்கு, பள்ளிக் கல்விக்கான மத்திய அரசுத் திட்டமான சமக்ர சிக்‌ஷா விதிமுறைப்படி வருடாந்தரப் பள்ளி மானியம் 50,000 ரூபாய். அதில் குறைந்தது 10 சதவீதம் சுகாதாரப் பணிக்கே போக வேண்டும். நான் கொடுத்தது அன்பளிப்பு இல்லை, ஒரு மாதாந்தரச் செலவு.

அதைவிட மோசம், அங்கே ஆர்.ஓ. தேவையே இருக்கவில்லை. பிறகு, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் ஒரு டி.டி.எஸ். மீட்டரை அந்த போர்வெல் தண்ணீரில் வைத்துப் பார்த்தேன். 400-ஐ ஒட்டிக் காட்டியது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பேனா அளவு மீட்டர் அது, மெஷின் வைக்கும் முன் நான் வாங்கிப் பார்க்கவில்லை. (டி.டி.எஸ். ஒன்றை மட்டும் பார்த்து முடிவெடுக்கவும் கூடாது. ஃபுளோரைடு, கிருமி இதற்கெல்லாம் தனி ஆய்வு வேண்டும். குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களிலேயே ஆய்வகம் இருக்கிறது, மாதிரி எடுத்துப் போனால் பார்த்துத் தருவார்கள்.)

சட்டம் என்ன சொல்கிறது? கம்பெனிகள் சட்டம் 2013-ன் 135-வது பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் ஒன்றை முந்தைய நிதியாண்டில் தொட்டிருந்தால் போதும். முந்தைய மூன்று வருடச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சராசரி லாபம் 5 கோடி என்றால் கணக்குக்கு வருடம் 10 லட்சம். இப்படிச் செலவிட வேண்டிய தொகை 50 லட்சம் வரை என்றால் தனியாக சி.எஸ்.ஆர். குழுகூட வேண்டாம், இயக்குநர் குழுவே பார்த்துக்கொள்ளலாம்.

10 லட்சத்துக்கு யாரும் தனி ஆள் போட மாட்டார்கள். ஒரகடத்திலோ ஓசூரிலோ உள்ள ஒரு நடுத்தர ஆட்டோ உதிரிபாகக் கம்பெனியில் அந்த வேலை ஹெச்.ஆர். மேசைக்கோ கம்பெனி செக்ரட்டரி மேசைக்கோ வந்து விழும். கேன்டீன் ஒப்பந்தம், பஸ் ரூட், ஆயுத பூஜை ஏற்பாடு, அப்புறம் இது. என் வகுப்புக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் இவர்கள்தான். நல்ல மனிதர்கள். 'மார்ச் 31-க்குள் முடியுங்கள்' என்ற ஒரே கட்டளையோடு வருவார்கள்.

மார்ச் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. முன்பெல்லாம் செலவழிக்கவில்லை என்றால் ஆண்டறிக்கையில் காரணம் எழுதித் தப்பிக்கலாம். 2021 ஜனவரி 22 முதல் அது போய்விட்டது. மீந்த பணத்தை, நடந்துகொண்டிருக்கும் திட்டத்துக்கானது என்றால் நிதியாண்டு முடிந்த 30 நாளில் தனி வங்கிக் கணக்கில் போட வேண்டும்; இல்லையென்றால் ஆறு மாதத்துக்குள் அந்தச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் உள்ள அரசு நிதி ஒன்றுக்கு மாற்ற வேண்டும். தவறினால், மாற்றாமல் விட்டதைப் போல இரண்டு மடங்கு அல்லது 1 கோடி, இதில் எது குறைவோ அது அபராதம். உடனே என்ன தோன்றும்? பொருள் வாங்கத் தோன்றும். பொருளுக்குப் பில் இருக்கும், படம் இருக்கும். பள்ளிக் கழிப்பறையைத் தினமும் கழுவும் அம்மாவின் சம்பளத்துக்குப் படம் எடுக்க முடியாது. அதனால்தான் எத்தனையோ பள்ளிகளில் புதுக் கழிப்பறை பூட்டிக் கிடக்கிறது, சாவி ஆசிரியர் அறையில் தொங்குகிறது.

வேடிக்கை என்னவென்றால், இதற்கு வழியும் அதே விதிகளில்தான் இருக்கிறது. 'தொடர் திட்டம்' என்று இயக்குநர் குழு ஒப்புதல் கொடுத்தால், தொடங்கிய நிதியாண்டை விட்டுவிட்டு மேலும் மூன்று வருடம் வரை அதை நடத்தலாம். மெம்பிரேன், ஏ.எம்.சி. (வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தம்), துப்புரவுப் பணியாளர் சம்பளம் எல்லாவற்றையும் முதல் நாளே திட்டச் செலவில் எழுதிவிடலாம். நிர்வாகச் செலவுக்கு 5 சதவீத வரம்பு இருக்கிறதே, நேரில் போய்ப் பார்க்கும் செலவை எதில் காட்டுவது என்று எல்லா வகுப்பிலும் ஒருவர் கேட்பார். குறிப்பிட்ட ஒரு திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க நேரடியாக ஆகும் செலவு அந்த வரம்புக்குள் வராது என்று கம்பெனி விவகார அமைச்சகம் 2021 ஆகஸ்டில் வெளியிட்ட கேள்வி-பதிலிலேயே இருக்கிறது. இந்த இரண்டு விஷயமும் தெரிந்து வகுப்புக்குள் வருகிறவர் அரிது.

படிக்க இடமா இல்லை? மானேசரில் உள்ள இந்தியக் கம்பெனி விவகார நிறுவனம் சான்றிதழ் படிப்பு நடத்துகிறது. கம்பெனி செக்ரட்டரிகள் நிறுவனத்திலும் உண்டு. சட்டம், படிவம், அறிக்கை கற்கப் போகத்தான் வேண்டும். அந்தச் சான்றிதழோடு வருகிறவர்களிடம் நான் காணும் குறை ஒன்றுதான்: ஊரில் போய் வாயை மூடிக்கொண்டு உட்காரத் தெரிவதில்லை. அதனால் இரண்டாம் நாள் ஒரு பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அழைத்துப் போகிறேன். கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பயிற்சிக்கு வந்தவர் ஒரு மணி நேரம் எதையும் தருவதாகச் சொல்லக் கூடாது, இதுதான் நிபந்தனை. கஷ்டப்படுகிறார்கள். போன தடவை, ஸ்மார்ட் போர்டு கணக்கோடு வந்தவர் முன்னால் ஒரு தாய் கேட்டது, பின்பக்கச் சுவரில் இருந்த ஓட்டையை அடைக்க வேண்டும் என்பது. அது வழியாக நாய் வருகிறது, சின்னப் பிள்ளைகள் பயப்படுகிறார்கள்.

முதலாளியிடம் இதை எப்படிச் சொல்வது என்பதற்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குகிறேன். பத்துப் பள்ளி என்று மேடையில் அறிவித்துவிட்டார், நீங்கள் ஆறு என்கிறீர்கள். மூன்று வருடப் பராமரிப்போடு ஆறுக்கு ஆகும் செலவை ஒரு தாளில் போட்டு, பக்கத்தில் பழைய மெஷின் ஒன்றின் இன்றைய படத்தை வையுங்கள். சில சமயம் எடுபடும். எடுபடாத இடத்தில் ஏழுக்கு இறங்கி வந்தாலும் லாபம்தான்.

திட்டத்தால் என்ன பலன் கிடைத்தது என்று பிறகு அளந்து பார்க்கும் தாக்க மதிப்பீடு இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். மூன்று வருடச் சராசரியில் சி.எஸ்.ஆர். கடமை 10 கோடியோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்களுக்குத்தான் அது கட்டாயம். அதுவும் 1 கோடிக்குக் குறையாத திட்டங்களுக்கு. 10 லட்சக்காரரைத் திரும்பிப் போய்ப் பாருங்கள் என்று எந்தச் சட்டமும் சொல்லாது. அதனால் இப்போது என் ஒப்பந்தப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் மூன்று வரி சேர்த்திருக்கிறேன்: பழுது என்றால் பள்ளியில் யார் போன் செய்வார், எந்த நம்பருக்கு, எத்தனை நாளில் ஆள் வரும். பதவிப் பெயர் போதாது, ஆள் பெயர் வேண்டும். ஆள் மாறினால் அந்தப் பக்கத்தை மட்டும் திரும்ப எழுதிக் கையெழுத்து வாங்குகிறோம். அந்தப் பழைய பள்ளியில் ஆர்.ஓ.வை எடுத்துவிட்டு, தண்ணீரை ஆய்வகத்தில் பார்த்த பிறகு சாதாரண வடிகட்டி வைத்தோம். அதில் மாட்டும் கேட்ரிட்ஜ் பக்கத்துக் கடையிலேயே கிடைக்கிறது.