பெரிய குஞ்சுதான் நல்ல குஞ்சா?

மீன் குஞ்சு வாங்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது அளவைத்தான். ஒரே நாளில் பொரித்தவற்றில் பெரியது தேறியது, சிறியது கழிவு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். தொட்டியில் வளர்க்க என்றால் சரி, ஆனால் ஆற்றிலோ ஏரியிலோ விடப்போகிற குஞ்சுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

தீவனம் போடும்போது கவனித்துப் பாருங்கள். சில குஞ்சுகள் மேலே ஆள் நிழல் விழுந்தாலும் பொருட்படுத்தாமல் பாய்ந்து வரும், மற்றவை அடியிலேயே தயங்கிக் கிடந்து, முந்திப் போனதற்கு ஒன்றும் ஆகவில்லை என்றான பிறகே வரும். முந்துவது அதிகம் தின்று பெருக்கிறது. வேகமாக வளரும் உடலுக்குப் பசியும் அதிகம், அந்தப் பசி அதை மறுபடி துணிய வைக்கிறது. குஞ்சைப் பிடித்துத் தின்ன எதுவும் இல்லாத தொட்டியில் இந்தத் துணிச்சலுக்குக் கொடுக்க வேண்டிய விலையே கிடையாது.

வெளியே உண்டு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா ஏரிகளில் பண்ணை வழி வந்த ரெயின்போ ட்ரவுட் என்ற குளிர்நீர் மீனின் குஞ்சுகளையும் காட்டு வழிக் குஞ்சுகளையும் சேர்த்து விட்டுப் பார்த்தார்கள், முடிவு 2004-இல் வெளியானது. பண்ணைக் குஞ்சுகள் அதிக ஆபத்தை ஏற்று வேகமாக வளர்ந்தன, ஆனால் இரைகொல்லிகள் இருந்த ஏரிகளில் அவைதான் அதிகம் செத்தன. 1983-இல் வெளியான, புளூகில் என்ற சிறு நன்னீர் மீன் பற்றிய ஆய்வும் எனக்கு முக்கியமாகப் படுகிறது: அதைத் தின்னும் பாஸ் மீன் இருந்த குளத்தில் சிறிய புளூகில்கள் நீர்ச்செடிகளுக்குள் ஒதுங்கி, மெதுவாக வளர்ந்தன. பாஸின் வாய்க்கு அடங்காத அளவு பெரியவை மட்டும் வெளியில் மேய்ந்தன. ஆக, சிறியது என்றாலே நோஞ்சான் என்று ஒதுக்காதீர்கள், அது எச்சரிக்கையான குஞ்சாகவும் இருக்கலாம்.

துணிந்தது எப்போதும் வளரும் என்றும் இல்லை. 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், இயற்கை ஓடையில் விடப்பட்ட பிரவுன் ட்ரவுட்களில் கூச்சமானவையே வேகமாக வளர்ந்திருந்தன.

அதனால் குஞ்சு விடுகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான். ஒன்றையொன்று தின்னாமல் இருக்க அளவு பிரியுங்கள், ஆனால் சிறியதைக் கொட்டிவிடாதீர்கள். ஆளைக் கண்டாலே தீவனம் என்று பழக்காதீர்கள், தொட்டியில் ஒளிய இடம் வையுங்கள். அப்புறம், வண்டியில் ஏற்றுவதற்காகப் பட்டினி போட்ட குஞ்சை வந்த வேகத்தில் ஏரியில் கொட்டவே கூடாது. பசித்த குஞ்சு மறைவில் நிற்காது. கரையோரம் வலைக்கூண்டில் வைத்துத் தீவனம் கொடுத்து, வயிறு நிறைந்த பிறகு செடி அடர்ந்த பக்கமாகத் திறந்து விடுங்கள்.