அயல்வீட்டு அக்கா தந்த குளிசை

1988 இல் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 'ரோசான்' என்றொரு நகைச்சுவைத் தொடர் தொடங்கியது. இலினோய் மாநிலத்தில் லான்போர்ட் என்று ஒரு கற்பனை ஊர், அங்கே கொனர் குடும்பம். தாய்க்கு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை, தகப்பன் கட்டட வேலை, மாசம் முடிய பில் கட்டக் காசு காணாது, ஆனாலும் வீடு முழுக்கச் சிரிப்பு. 1997 வரை ஓடியது. 2018 இல் அதே குடும்பம் திரும்ப வந்தபோது இருவருக்கும் வயது போய்விட்டது. மருந்துக்குக் காப்புறுதி காணாமல், கிடைத்த குளிசைகளைத் தாயும் தகப்பனும் தங்களுக்குள் பங்கு போடுகிறார்கள். அதையும் சிரிக்கத்தான் எழுதியிருந்தார்கள்.

அந்த வருடமே தாயாக நடித்தவர் தொடரிலிருந்து போக, மிச்சக் குடும்பத்தோடு ஒக்டோபரில் 'த கொனர்ஸ்' தொடங்கியது. முதல் பாகத்திலேயே தாய் இறந்துவிட்டார். மாரடைப்பு என்றுதான் வீட்டார் நினைத்தார்கள். பிரேத பரிசோதனை வேறு சொன்னது: ஓபியொயிட் வகை, அதாவது மோர்பின் இனத்து, நோக்குளிசை. முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு இரண்டு நாளோடு அதை விட்டுவிட்டார் என்று கணவர் நம்பியிருந்தார். வீட்டில் ஒளித்து வைத்த போத்தல் அகப்படுகிறது, அதில் வேறொரு பெண்ணின் பெயர். கணவர் கொதித்துப்போக, அந்தப் பெண்ணே வந்து சொல்கிறார்: வைத்தியத்துக்கு வசதியில்லாத நாங்கள் ஒருவருக்கொருவர் குளிசை கொடுத்து உதவுகிறோம். அவ்வளவுதான். கெட்டவர் என்று அங்கே யாருமில்லை.

நான் இலங்கையின் வன்னியில் ஒரு அரச வைத்தியசாலையில் மருந்தாளராக இருக்கிறேன். அந்தக் கதை எனக்குத் தூரத்துக் கதையாகப் படவில்லை.

எங்களுக்கு அரச வைத்தியசாலையில் மருந்து இலவசம், அது பெரிய வித்தியாசம்தான். ஆனால் கிளினிக்குக்கு வந்தால் அன்றைய கூலி போய்விடும், உள்ளூர்களில் காலையில் ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று தெரியாது, 2022 நெருக்கடியில் மருந்தே இல்லாமல் வெளியில் வாங்கச் சொல்லி எழுதிக்கொடுத்த காலமும் இருந்தது. நோ மட்டும் ஒரு நாளும் லீவு எடுக்காது. குனிந்து களை பிடுங்கி, கச்சான் ஆய்ந்து, வலை இழுத்து வந்த முதுகுகள், முழங்கால்கள். 2009 யுத்தத்தில் பட்ட செல் துண்டை எடுக்க ஏலாது என்று சொல்லப்பட்டு, அதை உடம்புக்குள் வைத்துக்கொண்டே இன்றும் கூலிக்குப் போகிறவர்கள். இவர்களிடம் போய் நோவைப் பொறுத்துக்கொள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் கவுண்டரில் ஒரு அம்மா குளிசை முடிந்த வெறும் காட் ஒன்றை நீட்டி, "பிள்ளை, பக்கத்து வீட்டு அக்கா தந்தவ, எனக்கு நல்லாக் கேக்குது, இதையே தாங்கோவன்" என்று கேட்கும்போது எனக்குப் பதறுகிறது. அது டைக்ளோபெனாக் என்கிற நோக்குளிசை. அந்த அக்காவுக்கு வயது நாற்பது, வேறு வருத்தம் இல்லை. இந்த அம்மா பிரஷருக்கு லொசார்டனும், கால் வீக்கத்துக்குச் சலம் போகிற குளிசையும் எடுக்கிறவர். இந்த இரண்டோடு டைக்ளோபெனாக் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குப் போகிற இரத்த ஓட்டம் குறையும், சிறுநீரகம் செயலிழக்கலாம், பிரஷரும் ஏறும். வயிற்றில் புண் வந்து இரத்தம் கசியலாம், மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போகும்வரை அது தெரியாமலும் இருக்கும். இபுபுரொபெனும் மெபனமிக் அசிட்டும் இதே இனம், பெயர் வேறு என்று இரண்டைச் சேர்த்துப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். காரணம் தெரியாத சிறுநீரக நோய் வவுனியாப் பக்கம் ஏற்கெனவே இருக்கிறது, அதற்கு மேல் இதுவும் வேண்டாம். காய்ச்சலோடு உடம்பு உழைவு என்றால் டெங்காகவோ எலிக்காய்ச்சலாகவோ இருக்கலாம், அந்த நேரம் இவற்றைத் தொடவே கூடாது. பரசிற்றமோல் மட்டும் போடுங்கள், வளர்ந்தவர்களுக்கு ஒரு நாளில் 500 மில்லிகிராம் குளிசை எட்டுக்கு மேல் போகக்கூடாது.

ட்ரமடோல் இன்னும் ஆபத்தானது, கொனர் வீட்டில் அகப்பட்டதும் இந்த ஓபியொயிட் வகைதான். நித்திரைக் குளிசையோடு, நரம்பு நோவுக்குக் கொடுக்கிற ப்ரிகாபலினோடு, அல்லது கள்ளு, சாராயம், கசிப்போடு சேர்ந்தால் மூச்சே மெதுவாகி நின்றுவிடலாம். வலிப்பும் வரலாம். நாள்பட எடுத்தவர் திடீரென்று விட்டாலும் உடம்பு படுத்தும், அதனால் வீட்டார் பறித்து எறியாமல் வைத்தியரிடம் கூட்டிவாருங்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வழி இருக்கிறது.

கிளினிக்குக்கு வரும்போது கொப்பியோடு வீட்டில் இருக்கிற எல்லாக் குளிசைகளையும், அயல் தந்தது, கடையில் வாங்கியது, மிஞ்சியது என்று பார்க்காமல் ஒரு சொப்பிங் பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். உங்களுக்கு நோ குறையவில்லை என்றால் அதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள், ஏனென்றால் ஒளிக்கிறவர்களில் அநேகர் பேச்சு விழும் என்று பயந்துதான் ஒளிக்கிறார்கள், அந்தப் பயத்துக்கு மருந்து கொடுக்கிற எங்களிலும் பிழை இருக்கிறது.

வீட்டில் யாராவது குளிசை போட்டுவிட்டு எழுப்ப எழுப்ப எழும்பாமல், மூச்சு இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு, உதடு நீலம் பாரித்துக் கிடந்தால் நித்திரை என்று விட்டுவிடாதீர்கள். மூச்சு இருந்தால் பக்கவாட்டில் சரித்துப் படுக்க வையுங்கள், 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்சுக்கு எடுங்கள். போட்ட குளிசையின் காட்டையோ போத்தலையோ, அது யாருடைய பெயரில் இருந்தாலும், கையோடு கொண்டுவாருங்கள். என்ன குளிசை, எத்தனை மணிக்குப் போட்டார் என்றுதான் முதலில் கேட்போம், யார் தந்தது என்று கேட்கமாட்டோம்.