களிம்பு பூசியும் படர்தாமரை ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

வேலூரிலும் குடியாத்தம், ராணிப்பேட்டைப் பக்கங்களிலும் படர்தாமரைக்குச் சிகிச்சை தேடி வருபவர்களில் பலர், பாதி பிதுக்கிய ஆயின்மென்ட் டியூப் ஒன்றைக் கையோடு கொண்டு வருகிறார்கள். மெடிக்கல் ஷாப்பில் "அரிப்புக்கு ஏதாவது கொடுங்க" என்று கேட்டு வாங்கிய அந்தக் களிம்பில், பெரும்பாலும் குளோபெட்டசால் அல்லது பீட்டாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு, ஓர் ஆன்டிபயாடிக், ஒரு பூஞ்சைக்கொல்லி ஆகிய மூன்றும் கலந்திருக்கும். பூசிய இரண்டொரு நாளில் அரிப்பும் சிவப்பும் அடங்கிவிடுவது உண்மைதான். ஆனால் ஸ்டீராய்டு அடக்குவது தோலின் எதிர்ப்பைத்தானே தவிர, படர்தாமரைக்குக் காரணமான பூஞ்சையை அல்ல. எதிர்ப்பு ஓய்ந்த இடத்தில் பூஞ்சை தாராளமாகப் பரவும், களிம்பை நிறுத்தியதும் முன்னைவிட அதிகமாக அரிக்கும். மாதக்கணக்கில் பூசியவர்களுக்குத் தொடையிடுக்கில் தோல் மெலிந்து வரிவரியாகத் தழும்பு விழுகிறது. படர்தாமரை ஆறினாலும் அந்த வரிகள் போவதில்லை. இத்தகைய ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதென 2018-இல் மத்திய அரசு அறிவித்த பிறகும், இந்தப் பழக்கம் விட்டபாடில்லை.

படர்தாமரையின் அடையாளம் அதன் ஓரத்தில் இருக்கிறது. வட்டத்தின் விளிம்பு சிவந்து, சற்று மேடாக, செதிலோடு காணப்படும், நடுப்பகுதி தெளிந்திருக்கும். ஸ்டீராய்டு பூசிய தோலில் இந்த அடையாளம் கலைந்து, வட்டத்துக்குள் வட்டமாகவோ வெறும் கருமையாகவோ தெரியும் என்பதால், விளிம்பிலிருந்து சிறிது செதிலைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் விட்டு நுண்ணோக்கியில் பார்க்கிறோம். கிளைவிட்ட நூலிழைகள் தெரிந்தால் பூஞ்சைதான்.

தேமல் வேறு. அதற்குக் காரணமான மலசீசியா என்னும் பூஞ்சை எல்லோருடைய தோலிலும் இருப்பதுதான். வியர்வையும் எண்ணெய்ப் பசையும் கூடும்போது பெருகி, முதுகிலும் மார்பிலும் மெல்லிய செதிலுடன் வெளிறிய திட்டுகளை உண்டாக்கும். பூஞ்சை அழிந்த பிறகும் தோலின் நிறம் திரும்பச் சில மாதங்கள் ஆகும் என்பதால், அதற்காக மருந்தை நீட்டிக்கத் தேவையில்லை. ஆனால் வெளிறிய திட்டில் தொடு உணர்ச்சி குறைந்திருந்தால் அதைத் தேமல் என்று விட்டுவிடக் கூடாது; அது தொழுநோயின் அறிகுறியாக இருக்கலாம். தொழுநோய்க்கென 1955-இல் கரிகிரியில் மருத்துவமனை எழுந்த மாவட்டம் இது, உணர்ச்சியற்ற தேமலை இங்கே யாரும் அலட்சியப்படுத்துவதற்கில்லை.

தோல் பதனிடும் தொழிற்சாலைகளில் ரப்பர் பூட்ஸோடு ஈரத்தில் நிற்பவர்களுக்குக் கடைசி இரு கால்விரல்களின் இடுக்கில் வெள்ளையாக ஊறி வெடிக்கும் சேற்றுப்புண், சர்க்கரை நோயாளிகளுக்கு ஆபத்தானது. அந்த வெடிப்பின் வழியே பாக்டீரியா புகுந்து கால் முழுவதும் வீங்கக்கூடும்.

படர்தாமரை சிறிதாக இருந்தால் ஸ்டீராய்டு கலவாத பூஞ்சைக்கொல்லிக் களிம்பே போதும். அதை வட்டத்தின் மேல் மட்டுமன்றி, விளிம்பைத் தாண்டி 2 செ.மீ. வரை பூச வேண்டும். மறைந்தாற்போலத் தோன்றிய பிறகும் குறைந்தது 2 வாரம் தொடர வேண்டும். பரவியிருந்தால் மாத்திரை தேவைப்படும். 2020-இல் டிரைக்கோபைட்டான் இண்டோடினியே எனப் பெயரிடப்பட்ட பூஞ்சை இப்போது இந்தியாவில் பரவலாக இருக்கிறது. அதன் சில வகைகள் டெர்பினாஃபின் மாத்திரைக்குக் கட்டுப்படுவதில்லை. மாற்றாகத் தரப்படும் இட்ராகொனசோல் கேப்சூலைச் சாப்பாட்டோடு உட்கொள்ள வேண்டும். வயிற்றில் அமிலத்தைக் குறைக்கும் 'கேஸ் மாத்திரை' அதன் உறிஞ்சலைக் கெடுக்கும். கர்ப்பிணிகளும், கல்லீரல் அல்லது இதய நோய் உள்ளவர்களும் தங்கள் நிலையை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

வீட்டில் இன்னொருவருக்கும் அரிப்பு இருந்தால் இருவருக்கும் ஒரே நேரத்தில் சிகிச்சை நடக்க வேண்டும். இல்லையேல் துண்டு வழியாகவும் படுக்கை வழியாகவும் மாறி மாறி ஒட்டிக்கொள்ளும். அக்னி நட்சத்திர வெயிலில் இறுக்கமான ஜீன்ஸைத் தவிர்த்து, உள்ளாடைகளை வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துவது நல்லது. இடுப்பைச் சுற்றிப் படர்ந்திருப்பவர்களிடம் நான் முதலில் பார்ப்பது அரைஞாண் கயிற்றைத்தான். குளித்த பிறகும் ஈரம் சுமந்து அதே இடத்தில் உராயும் அந்தக் கயிற்றைச் சிகிச்சை முடியும்வரையாவது கழற்றி வைக்கச் சொல்கிறேன். கழற்ற மனமில்லாதவர்கள் வெள்ளியில் போட்டுக்கொண்டு, குளித்தபின் அடியில் ஈரமின்றித் துடைத்தால் போதும்.