குடித்த பால் ஏன் மேலேறி வருகிறது?

“கக்கின பிள்ளை தக்கும்” என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு அது உண்மைதான். முதல் மூன்று மாதங்களில் ஏறக்குறைய பாதிக் குழந்தைகள் தினமும் ஒரு தடவையாவது பால் கக்குகின்றன. நான்காம் மாத வாக்கில் இது உச்சத்துக்குப் போய், ஒரு வயதை நெருங்கும்போது பெரும்பாலும் நின்றுவிடும். ஆனால் இரண்டு வாய் குடித்ததும் முதுகைப் பின்னால் வளைத்து அலறும், எடையும் ஏறாத குழந்தையை வைத்திருக்கும் தாய்க்கு இந்தப் பழமொழி ஆறுதல் தராது. உள்ளே என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தை, சுருக்குப்பையின் வாயைப் போல ஒரு வளையத் தசை இறுக்கி மூடியிருக்கிறது. குழந்தைக்கு அந்தத் தசை பலவீனம், அதனால்தான் பால் வருகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். முக்கியக் காரணம் அது இல்லை. பால் நிறைந்து இரைப்பை விரிந்ததும் வேகஸ் நரம்பு வழியாக மூளைத்தண்டுக்குச் செய்தி போகிறது. அங்கிருந்து வரும் உத்தரவில் தசை சில நொடிகள் தளர்ந்து திறக்கிறது. உள்ளே சேர்ந்த காற்று ஏப்பமாக வெளியேற உடல் செய்துகொண்ட ஏற்பாடு இது. நமக்கும் தினமும் பல தடவை நடக்கிறது. நாம் நிமிர்ந்திருப்பதால் பெரும்பாலும் காற்று மட்டும் போகிறது. படுத்தே கிடக்கும் குழந்தைக்கோ அந்தத் திறப்பில் பால் நிற்கிறது.

அளவையும் பாருங்கள். குழந்தை ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 150 மில்லி பால் குடிக்கிறது. 60 கிலோ பெரியவர் அதே கணக்கில் குடித்தால் 9 லிட்டர். அதைத் தாங்க வேண்டிய உணவுக்குழாய், பிறந்த குழந்தைக்குச் சுமார் 10 செ.மீ. நீளம்தான். மேலே ஏறும் பால் நேராக வாய்க்கே வந்துவிடுகிறது.

சிக்கல் கடுமையாகும்போது கழுத்தை ஒரு பக்கம் முறுக்கி, உடலை விறைத்துக்கொள்ளும் குழந்தைகளும் உண்டு. வலிப்பு என்று பெற்றோர் பதறுவார்கள். இதை சாண்டிஃபர் நோய்க்குறி என்கிறார்கள்; மார்செல் கின்ஸ்போர்ன் 1964-இல் இதைப் பதிவு செய்தார். அசைவைக் கைபேசியில் படம்பிடித்து மருத்துவரிடம் காட்டுங்கள், வலிப்பா இல்லையா என்று பிரித்தறிய அது பெரிதும் உதவும்.

சந்தேகம் தீராதபோது ஒரு மெல்லிய குழாயை மூக்கு வழியாக உணவுக்குழாய்க்குள் விட்டு 24 மணி நேரம் வைப்பார்கள். அதில் வரிசையாக உலோக வளையங்கள் இருக்கும். திரவம் கடக்கும்போது வளையங்களுக்கு இடையே மின்தடை மாறும். கீழ் வளையத்தில் முதலில் மாறினால் பால் மேலேறுகிறது, மேல் வளையத்தில் முதலில் மாறினால் குழந்தை விழுங்குகிறது. அழும்போதெல்லாம் அம்மா ஒரு பொத்தானை அழுத்துவார். அப்புறம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால், பல அழுகைகளுக்கும் பால் மேலேறியதற்கும் தொடர்பே இல்லை என்று தெரியவருவதுண்டு!

அதனால்தான் இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் மருந்து எல்லாக் குழந்தைக்கும் பலன் தருவதில்லை. அது அமிலத்தைக் குறைக்குமே தவிர, திறக்கும் தசையை மூடாது. 2009-இல் வெளியான ஆய்வில் 162 குழந்தைகளில் பாதிப் பேருக்கு லான்சோபிரசோல் என்ற அந்த வகை மருந்து, மீதிப் பேருக்கு மருந்தில்லாத போலி மருந்து கொடுத்தார்கள். இரண்டு பக்கமும் 54 சதவீதம் பேருக்கு அழுகை குறைந்தது. மருந்து பெற்றவர்களுக்கு நுரையீரல் தொற்று அதிகம் வந்தது. உணவுக்குழாய் புண்ணாகியிருந்தால் மருந்து தேவைதான். அழுகிறது என்பதற்காக மட்டும் கொடுப்பது சரியில்லை.

மருந்துக்கு முன் பார்க்க வேண்டியது மாட்டுப்பால் புரத ஒவ்வாமை. அறிகுறிகள் அப்படியே ஒத்திருக்கும். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். மருத்துவர் சொன்னால் தாய் இரண்டு முதல் நான்கு வாரம் பால், தயிர், மோர், பனீர் எல்லாவற்றையும் விட்டுப் பார்க்கலாம். ஒவ்வாமைதான் காரணம் என்றால் வித்தியாசம் தெரியும். கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி ஊட்டுவது, குடித்தபின் அரை மணி நேரம் தோளில் நிமிர்த்திப் பிடிப்பது, இவையும் உதவும். குறுகி உட்காரவைக்கும் இருக்கைகள் வயிற்றை அமுக்கி நிலைமையை மோசமாக்கும்.

தூங்கவைக்க மல்லாந்த நிலைதான் பாதுகாப்பு. மூச்சுத் திணறுமே என்று பயப்படுவது இயல்பு. மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும். வந்த பால் மேல்நோக்கி ஏறித்தான் மூச்சுக்குழாய்க்குள் போக வேண்டும். குப்புறப் போட்டால் கக்குவது குறையலாம், ஆனால் தூக்கத்தில் திடீரென இறக்கும் ஆபத்து கூடும்.

ராத்திரி முழுக்கத் தோளில் போட்டு நடப்பதை ஒரே ஆள் தாங்க முடியாது. அப்பா, பாட்டி, யாராக இருந்தாலும் முறை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். எடையைத் தவறாமல் குறித்துவையுங்கள். வாந்தி பச்சையாக வந்தாலோ, ரத்தம் கலந்திருந்தாலோ, ஒவ்வொரு தடவையும் பீய்ச்சி அடித்தாலோ, காய்ச்சலோடு உச்சிக்குழி புடைத்திருந்தாலோ அது வேறு நோயாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.